நல்லதும் கெட்டதும் தடைக்காலத்தில்தான் வரும்: கடற்கரைக் குடும்பத்துக்கு ஒரு பண வழிகாட்டி

ஏப்ரல் கடைசி வாரம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகு கரையேறிப் பத்து நாள் ஆகியிருந்தது. மே மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒரு மதினி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "இன்னும் ஒன்றரை லட்சம் குறையுது. மூணு வட்டிக்கு ஒருத்தர் தாரேங்கிறார். வாங்கவா, வேணாமா?"

பாம்பன் பக்கம் ஒரு மகளிர் குழுவுக்குப் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். இந்தக் கேள்விக்கு அந்த நேரத்தில் என்னிடம் பதில் இருக்காது. மண்டபம் பேசியாச்சு, பத்திரிகை வைத்தாச்சு. வேண்டாம் என்று சொன்னால் கல்யாணம் நிற்கும். வாங்கு என்று சொன்னால் மாதம் 4,500 ரூபாய் வட்டி. படகு மறுபடி கடலுக்குப் போவதற்குள் இரண்டு மாத வட்டி ஏறிவிடும். ஒன்பதாயிரம், ஒரு மீன்கூடப் பிடிக்காமல். இந்தக் கேள்வி போன அக்டோபரில் வந்திருக்க வேண்டியது.

மாதச் சம்பளக்காரருக்குச் சொல்கிற புத்திமதி நம் கரைக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்குச் செலவுதான் திடீரென்று வரும். நமக்குச் செலவும் திடீரென்று வரும், வரவும் திடீரென்று நிற்கும். இரண்டும் ஒரே மாதத்தில் சந்தித்துக்கொள்வதுதான் நம் தலைவலி. அதனால் இந்த வழிகாட்டி கல்யாணத்திலிருந்து தொடங்கவில்லை, காலண்டரிலிருந்து தொடங்குகிறது.

படி 1: பன்னிரண்டு கட்டம் போடுங்கள்

பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் போதும். மாதத்துக்கு ஒரு கட்டம். முதலில் வரவு இல்லாத நாட்களைக் கறுப்பாக்குங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அரசு தரும் நிவாரணம் இப்போது 8,000 ரூபாய். அதை 61-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். ஒரு வீட்டுக்குக் காலைச் சாப்பாட்டுக்கு ஆகும். அதற்கு மேல் வேறு பணம் வேண்டும்.

அடுத்தது வடகிழக்குப் பருவக்காற்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள்தான் கடல். ஆக நல்ல மாதத்திலேயே பன்னிரண்டு பதின்மூன்று தடவைக்கு மேல் போக முடியாது. கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கும் நிலாவைப் பார்த்து மாதத்தில் பன்னிரண்டு நாள் போலத்தான் வேலை.

இப்போது செலவைச் சிவப்பில் குறியுங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம். கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும்தான் நாள் பார்ப்பார்கள், அது நேராகத் தடைக்காலத்துக்குள் போய் விழும். மற்றவர்களும் "ஆம்பிளைங்க கரையில இருக்கிற நேரம்" என்று மே மாதத்தையே பிடிக்கிறார்கள். முஸ்லிம் வீடுகளில் ரமலான் ஒவ்வொரு வருடமும் பதினோரு நாள் போல முன்னால் வரும், அதனால் அந்தச் சிவப்பை வருடத்துக்கு ஒரு முறை நகர்த்திப் போட வேண்டும்.

கறுப்பும் சிவப்பும் ஒரே கட்டத்தில் விழுந்தால் அதுதான் ஆபத்தான மாதம். பெரும்பாலான வீடுகளில் அது மே, ஜூன். இனி எந்தக் கடன் வாங்கினாலும் முதல் கேள்வி 'வட்டி எவ்வளவு' அல்ல, 'முதல் தவணை எந்த மாதம்' என்பதுதான். ஏப்ரலில் வாங்குகிற கடனுக்கு ஜூலையில் தவணை தொடங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால் கொடுக்கிற இடமும் உண்டு. நம்மில் பலர் கேட்பதே இல்லை.

கறுப்புக் கட்டத்துக்கு ஒரு பணப்பை வேண்டும். வீட்டுச் செலவு நாளைக்கு 400 ரூபாய் என்றால் 61 நாளுக்கு 24,400. நிவாரணம் 8,000 போக 16,400. மீதி பத்து மாதத்தில் சேர்க்க வேண்டுமென்றால் மாதம் 1,640. பன்னிரண்டு தடவை கடலுக்குப் போனால் ஒரு தடவைக்கு 137 ரூபாய். பங்குப் பணம் கைக்கு வந்த அன்றே அதை எடுத்து வைத்துவிட வேண்டும். மறுநாள் அது இருக்காது, எனக்குத் தெரியும். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தையும் விடாதீர்கள். நீங்கள் 1,500 கட்டினால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து, மீன் குறைந்த காலத்தில் 4,500 ஆகத் திரும்ப வரும். இந்த லாபத்தை எந்த வங்கியும் தராது.

படி 2: எல்லாக் கடனையும் ஒரே அளவுகோலால் அளந்து பாருங்கள்

நம் ஊரில் வட்டிக்கு ஆயிரம் பெயர். எல்லாவற்றையும் 'லட்சத்துக்கு வருடம் எவ்வளவு' என்று மாற்றிப் பாருங்கள்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று. லட்சத்துக்கு வருடம் 36,000. வங்கியில் நகையை வைத்தால் ஏறக்குறைய ஒன்பது, பத்தாயிரம். தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குவார். "ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் தினமும் திருப்பிக் கட்டுவதால் அந்த நூறு நாளும் சராசரியாக உங்களிடம் இருந்தது அதில் பாதிதான். வருடக் கணக்கில் அது நூறு சதவீதத்தைத் தாண்டும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது 'வட்டியில்லா அட்வான்ஸ்'. நாட்டுப்படகு வைத்திருப்பவருக்கு மீன் வியாபாரி லட்ச ரூபாய் கொடுப்பார், வட்டி கேட்க மாட்டார். மீனை அவருக்கே போட வேண்டும், அவ்வளவுதான். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து எடுக்கிறார் என்று வையுங்கள். நாளைக்கு இருபது கிலோ, மாதம் இருபது நாள். 4,000 ரூபாய். லட்சத்துக்கு மாதம் நாலாயிரம் என்றால் அது நாலு வட்டி! மூணு வட்டிக்காரரைத் திட்டுகிற நாம் இவரை "நல்ல மனுஷன், வட்டியே வாங்க மாட்டார்" என்கிறோம். வருடக்கணக்கில் கொடுத்தாலும் அசல் லட்சம் அப்படியே நிற்கும். சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், அட்வான்ஸ் வாங்கிய கூலி மீனவருக்கும் இதே கதைதான். வேறு படகில் நல்ல பங்கு கிடைத்தாலும் அசலை வைக்காமல் இறங்க முடியாது. அவசரத்துக்கு உதவுகிறவர்கள்தான், மறுக்கவில்லை. கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்கிறேன்.

குழுக் கடன் தரும் நுண்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் ஒரு வரம்பு போட்டது. ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நம் வருமானத்தைப் படிவத்தில் எழுதும்போது நல்ல மாதத்தை எழுதுகிறார்கள். நீங்கள் வருட மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்துச் சொல்லுங்கள். கடன் குறைவாகக் கிடைக்கும், தூக்கம் கிடைக்கும்.

வலை, இன்ஜின், டீசல் செலவுக்கு மீனவர்களுக்கும் கிசான் கடன் அட்டை உண்டு. ஏழு சதவீத வட்டி, தவறாமல் கட்டினால் மூன்று சதவீதம் தள்ளுபடி. தொழிலுக்கான அந்தப் பணத்தைக் கல்யாணப் பந்தலுக்குத் திருப்பினால் அடுத்த வருடம் வலை வாங்க மூணு வட்டிக்குத்தான் போக வேண்டிவரும்.

படி 3: கல்யாணம்

ஆறு மாதத்துக்கு முன்பே மூன்று எண்களை எழுதுங்கள். கையில் உள்ளது, தைரியமாக வாங்கக்கூடிய கடன், செலவு. மொய்யை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதல் இரண்டும் சேர்ந்து மூன்றாவதை எட்டவில்லை என்றால் குறைக்க வேண்டியது செலவைத்தான். சொல்வது எளிது என்பீர்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி நகையில் ஐந்து பவுன் குறைப்பதைவிட, பந்தியில் இருநூறு இலை குறைப்பது எளிது. குறைத்த பின் யாரும் நினைவில் வைத்திருப்பதும் இல்லை.

பெரிய செலவு நகைதான். அதில் ஒரு கணக்கைப் பாருங்கள். நூறு ரூபாய்க்குத் தங்கம் எடுக்கிறீர்கள். சேதாரம், செய்கூலி சேர்ந்து 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் மூன்று சதவீத ஜி.எஸ்.டி. ஆக 115 ரூபாய் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். மறுநாள் அடகு வைத்தால் எடைக்குத்தான் மதிப்பு. அதில் 75 சதவீதம் வரை என்பதுதான் பல காலமாக இருந்த வரம்பு. ஆக, 115 கொடுத்து வாங்கியதற்குக் கையில் வருவது 75. 2026 ஏப்ரல் முதல் இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி தளர்த்தியிருக்கிறது. கூடுதலாகக் கிடைக்கிறதே என்று முழுக்க வாங்கிவிடாதீர்கள். தங்க விலை சரிந்தால் ஏலம் அவ்வளவு கிட்டே வந்துவிடும்.

கடன் வாங்கிப் புதிதாக நகை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்ட கணக்கு. மூணு வட்டிக்கு வாங்கி, சேதாரம் கொடுத்து, நகையாக்கி, கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அதையே அடகு வைத்து அந்தக் கடனை அடைக்கிற வீடுகளை நான் எண்ணியிருக்கிறேன். இரு கைவிரல் போதாது. அம்மாவின் பழைய நகையைக் கொடுப்பதோ, கல் வைக்காத, சேதாரம் குறைந்த வளையல், சங்கிலியாக எடுப்பதோ எவ்வளவோ மேல். எதை எடுத்தாலும் ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. எண் உள்ள ஹால்மார்க் இருக்க வேண்டும். பில்லில் தங்கத்தின் எடையும் கல்லின் எடையும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

வரதட்சணை 1961-லிருந்து சட்டப்படி குற்றம். நடப்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். குறைந்தது இதையாவது செய்யுங்கள். பெண்ணுக்குப் போடும் நகை எல்லாவற்றையும் படம் எடுத்து, எடையோடு பட்டியல் எழுதி, பில்லோடு பெண்ணின் கையில் கொடுங்கள். அது அவள் சொத்து. நிக்காஹ்வில் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹரும் அப்படியே. தொகையைப் பதிவேட்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

மொய்க்கு வருவோம். மொய் வருமானம் அல்ல, வட்டியில்லாக் கடன். உங்கள் மொய் நோட்டில் நீங்கள் செய்தது இரண்டு லட்சம் என்று இருக்கலாம். அதில் வெளிநாடு போனவர், முறிந்துபோன உறவு, தடைக்காலத்தில் கையில் காசில்லாதவர் என்று கழித்தால் பாதி வந்தால் பெரிது. அதனால்தான் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றேன். வந்த மொய்க்கு மட்டும் வேலை ஒன்று வைத்திருங்கள். எண்ணி முடித்த அதே வாரத்தில், இருப்பதிலேயே அதிக வட்டியுள்ள கடனில் கொண்டுபோய்க் கட்டுங்கள். ஒரு மாதம் பீரோவில் இருந்தால் விருந்து, மறுவீடு, ஃபிரிட்ஜ் என்று கரைந்துவிடும்.

முதலில் சொன்ன மதினி கடைசியில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். தன் இரண்டு வளையலை வங்கியில் வைத்தார். மேடை அலங்காரத்தைப் பாதியாக்கினார். மீதிக்குக் கொழுந்தனாரிடம் நாற்பதாயிரம், ஆகஸ்ட்டில் தருவதாகச் சொல்லி வாங்கினார். மூணு வட்டி தேவைப்படவில்லை. கொழுந்தனாரிடம் கேட்க அவருக்கு வெட்கம், அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

சீட்டு கட்டிக் கல்யாணம் முடிப்பவர்களுக்கு ஒரு சொல். 1982-ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். நடத்துபவருக்கு அதிகபட்சம் ஏழு சதவீதக் கமிஷன். முதலில் ஏலத்தில் தள்ளி எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்து சேருங்கள். தெருவில் தெரிந்த அக்கா நடத்துகிற சீட்டுக்கு எழுத்தே கிடையாது. அக்கா நல்லவர்தான். அவருக்கு ஒரு கெட்டது வந்தால்?

படி 4: நகையை அடகு வைத்த பிறகு

இது எனக்கே பட்டது. என் கல்யாண நகையில் மூன்று பவுனை மாமியார் வைத்தியத்துக்காக ஓரிடத்தில் வைத்தேன். வருட முடிவில் வட்டியைக் கட்டி மாற்றி வைத்திருக்க வேண்டும். வீடு மாறியிருந்தோம், நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போனது. நான் போனபோது ஏலம் முடிந்திருந்தது. இடத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. முகவரி மாற்றிக் கொடுக்காதது என் தவறு.

அன்றிலிருந்து அடகுச் சீட்டை எடுத்ததும் முடிவு நாளைக் காலண்டரில் எழுதிவிடுவேன். அந்த நாள் மே, ஜூனில் விழுந்தால் மார்ச்சிலேயே வட்டியைக் கட்டி மாற்றி வைப்பேன். எல்லா நகையையும் ஒரே சீட்டில் வைக்கவும் மாட்டேன். இரண்டு மூன்று சீட்டாகப் பிரித்து வைத்தால் கையில் வந்த பணத்துக்கு ஒன்றையாவது மீட்கலாம். ஒரே சீட்டாக இருந்தால் முழுப் பணமும் சேரும்வரை வட்டி ஓடும்.

படி 5: பிள்ளை, படிப்பு

கர்ப்பம் தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய், தவணை தவணையாக. தாமதமாகப் பதிந்தால் முதல் தவணை போகும். வருட வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை. நோய் வந்த பிறகு அட்டைக்கு அலையாதீர்கள், நல்லாயிருக்கும்போதே எடுங்கள்.

பெண் பிள்ளைக்குப் பத்து வயதுக்குள் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு. வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய். மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் நமக்கு வசதி. இறால் நன்றாகப் பட்ட மாதத்தில் இரண்டாயிரம் போட்டுவிட்டு, மற்ற மாதம் சும்மா இருக்கலாம்.

கல்லூரிக்கு, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மாதம் 1,000 இருக்கிறது. கல்விக் கடன் நான்கு லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருடம்வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால் அந்தக் கால வட்டிக்கு மானியம் உண்டா என்று கையெழுத்துப் போடும் முன்பே வங்கியில் கேளுங்கள். அங்கே கேட்கக் கூச்சப்பட்டு, பிறகு தண்டல்காரரிடம் தைரியமாகக் கேட்கிறோம்.

படி 6: சஃபர் (வெளிநாட்டுப் பயணம்)

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எங்கே போனாலும் வீட்டுக்கு ஒருவர் சவுதியிலோ துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார். இப்போது மீனவர் வீட்டுப் பையன்களும் போகிறார்கள்.

பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான். மொத்தம் 35,400. ஒன்றரை லட்சம் கேட்கிறார் என்றால் மீதி எதற்கு என்று ரசீதோடு கேளுங்கள். முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். 'முதல்ல விசிட் விசாவில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்' என்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று இருக்கும். அந்த அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் வரும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம். விசிட் விசாவில் போனவருக்கு இது கிடையாது. பின்னால் வருகிற அழுகை பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

போகும் முன் வங்கியில் செய்ய வேண்டியது இரண்டு. உள்ளூர்ச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள வரவுக்கு வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லுங்கள், சம்பளம் அனுப்ப ஒரு என்.ஆர்.இ. கணக்கு தொடங்குங்கள். என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. அடுத்தது வீட்டில் பேச வேண்டியது. யார் கணக்குக்குப் பணம் வரும், அதில் எவ்வளவு கடனுக்கு, எவ்வளவு செலவுக்கு? மனைவி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று இரண்டு வீடு உடைந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சண்டை பணத்துக்காக இல்லை. போகும்போது யாரிடமும் தெளிவாகச் சொல்லாததால்.

முதல் வருடம் அனுப்புகிற பணம் முழுக்கப் போன கடனை அடைக்கத்தான். இரண்டாம் வருடமே மனை வாங்காதீர்கள். ஒப்பந்தம் திடீரென்று முடிந்து திரும்பி வந்தால் ஆறு மாதம் சாப்பிட வைப்புத்தொகை வேண்டும். மனையை அன்று காலை விற்க முடியாது.

படி 7: மனை, வீடு

கடலோரத்தில் மனை வாங்கும்போது முதலில் பட்டா. எத்தனையோ குப்பங்களில் தாத்தா காலத்திலிருந்து குடியிருப்பது புறம்போக்கில்தான். கையெழுத்துத் தாளில் 'விற்பனை' எழுதிக் கொடுப்பார்கள், அதை வைத்து வங்கி கடன் தராது. பட்டா இருந்தாலும் முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். உயர் அலை எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, தண்ணீருக்கு நெருக்கத்தில் புதிதாகக் கட்டவே விடாத இடங்களும் உண்டு. 'கடல் தெரியும் மனை' என்ற விளம்பரத்தில் இதை எழுத மாட்டார்கள்.

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதைத் தனியாக வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறைவு.

கீழக்கரைப் பக்கம் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். வாயால் கொடுத்துவிட்டு, 'பிறகு எழுதிக்கலாம்' என்று அத்தா (அப்பா) விட்டுவிடுவார். அவர் காலத்துக்குப் பின் எல்லா வாரிசும் பங்குக்கு வரலாம். முஸ்லிம் சட்டத்தில் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு மட்டும் உயில் எழுதி நிற்காது. உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மென்ட்டாகப் பதிவது நல்லது. குடும்பத்துக்குள் என்றால் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000.

படி 8: கெட்டது

கெட்டதுக்கு இங்கே மூன்று முகம். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப் போவது, கடலில் காணாமல் போவது, மரணம்.

பிடித்துப் போன வீட்டில் முதல் நாள் கேள்வி என்ன தெரியுமா? 'அவர் கணக்குல இருக்கிற காசை எப்படி எடுக்கிறது?' கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால் சட்டப்படி வழியில்லை. இன்றே கூட்டுக் கணக்காக்குங்கள், 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில். செலவு ஒன்றும் இல்லை, ஒரு படிவம்தான். படகின் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், பயோமெட்ரிக் அட்டை, ஆதார், மீனவர் நலவாரிய அட்டை எல்லாவற்றின் நகலும் கரையில் இருக்க வேண்டும். அசல் எல்லாம் படகில் இருந்து படகோடு போனதைப் பார்த்திருக்கிறேன். சிறையில் இருப்பவர் குடும்பத்துக்கு அரசின் தினப்படி உதவி உண்டு, மீன்வளத் துறையில் உடனே எழுதிக் கொடுங்கள். கடன் வாங்கிய இடங்களுக்கும் அந்த வாரமே எழுத்தில் தெரிவித்து அவகாசம் கேளுங்கள். மூன்று தவணை தவறிய பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

காணாமல் போனால் தேடுகிற பதற்றத்தில் புகார் எழுதுவது தள்ளிப்போகும். கடலோரக் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, மீன்வளத் துறையில் தகவல், இரண்டும் அன்றைக்கே வேண்டும். உடல் கிடைக்காவிட்டால், ஏழு வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொதுச் சட்டம். 2017 ஒக்கிப் புயலின்போது அவ்வளவு காத்திருக்க வைக்காமல் அரசு தனி நடைமுறை கொண்டுவந்தது. அப்படி ஒரு நடைமுறை வரும்போது, யார், எந்தப் படகு, எந்தத் தேதி என்று காட்ட அன்றைய புகார் நகல்தான் கையில் இருக்கும்.

மரணம் நடந்தால் முதல் பதினாறு நாள் எந்தப் புதுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கடன்காரர் வருவார், பங்காளி வருவார், 'இதுல ஒரு கையெழுத்து மதினி, சும்மா ஒரு இதுக்கு' என்பார். 'காரியம் முடியட்டும்' என்று சொல்ல ஒரு பெரியவரை வாசலில் உட்கார வையுங்கள். ஆனால் இறப்பைப் பதிவதை மட்டும் தள்ளாதீர்கள். 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். சான்றிதழில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிறகு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம்.

நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்கிறவர். வங்கிப் பணத்தில் அவர் மட்டுமே உரிமையாளர் ஆகிவிட மாட்டார், வாரிசுகளுக்குப் பங்கு இருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், துணை, பிள்ளைகளை நாமினியாகப் போட்டிருந்தால் அது அவர்களுக்கே. 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் இன்னும் அம்மா பெயர்தான் நாமினியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

காப்பீட்டில் எதெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கு ஐந்து லட்சம். வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா விபத்துக்கு இரண்டு லட்சம். 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதி எந்தக் காரணத்தால் இறந்தாலும் இரண்டு லட்சம், ஆனால் 18 முதல் 50 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். பாஸ்புக்கில் இந்த எண்களைப் பார்த்தால் உங்களுக்குப் பாலிசி இருக்கிறது என்று அர்த்தம். இறந்தவர் பெயரில் இருந்ததே தெரியாமல் கேட்காமல் விட்ட வீடுகள் உண்டு. விபத்துக் கோரிக்கையை 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள், முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் சேர்த்து. கடலில் இறந்தவரைப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்ய மனசு அவசரப்படும். அந்த ஒரு தாள் இல்லாமல் எல்லாக் கோரிக்கையும் முட்டி நிற்கும்.

முஸ்லிம் வீட்டில் கணவரை இழந்தவர் வீட்டோடு இத்தா இருக்கும் துக்கக் காலம் நான்கு மாதம் பத்து நாள். கோரிக்கைக்கோ முப்பது நாள். வெளியே வர முடியாது என்று விட்டுவிட வேண்டாம். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கி, மகனோ தம்பியோ கொண்டுபோய்க் கொடுக்கலாம். நாமினி நேரில் வர வேண்டும் என்று கிளையில் சொன்னால் மேலாளரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பிய மேலாளரையும் பார்த்திருக்கிறேன். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய்க்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த 20 ரூபாயும் 436 ரூபாயும் வங்கி தானாக எடுப்பது மே மாதக் கடைசியில். நம் கணக்கு வருடத்திலேயே வற்றிக் கிடக்கும் வாரம் அது. கணக்கில் பணம் இல்லாவிட்டால் ஜூன் 1 முதல் பாலிசி இல்லை. ஜூன் 15 அன்று படகு கடலுக்குப் போகும். அதனால் எங்கள் குழுவில் ஏப்ரல் முதல் கூட்டத்துக்கு எல்லோரும் தங்கள் பாஸ்புக்கையும் வீட்டுக்காரர் பாஸ்புக்கையும் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றிலும் 456 ரூபாய் தொடாமல் இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். போன தடவை நான்கு புத்தகத்தில் இல்லை. அன்றைக்கே குழுப் பணத்திலிருந்து போட்டு, பெயரை நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்று பேர் ஜூலையில் திருப்பித் தந்துவிட்டார்கள். ஒருத்தி பாக்கி, கருவாடாகக் கொடுத்தாள்.